இன்னைக்கு என்ன பாட்டு, மாமா?

மாமாவை நினைக்கும்போது எனக்கு முகம் முதலில் வருவதில்லை, கைதான் வருகிறது. சமையலறை மேசைமேல் விரித்து வைத்த வலது உள்ளங்கை. தேயிலைச் சாறு ஊறி ஊறி ரேகையெல்லாம் கறுத்து, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண் வெளுக்காத கை. மேசையின் மறுமுனையில் என் ஹேண்ட்போன் குப்புறக் கிடந்து பாடிக்கொண்டிருக்கும். பலகை வழியாக வரும் அதிர்வை அந்தக் கை வாங்கிக்கொண்டிருக்கும். கண்ணை மூடியிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "தபேலா இருக்கு போல" என்பார். சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. இல்லையென்று நான் தலையாட்டினால் சிரித்துக்கொண்டே கையை இன்னும் கொஞ்சம் போன் பக்கமாக நகர்த்துவார்.

மாமா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அப்பாவை. ரிங்லெட்டிலிருந்து மலைக்கு மேலே ஏறும் பாதையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அதே லைன் வீட்டில் ஓய்வு பெற்றவர். பச்சை இலையைப் போட்டு முறுக்கிக் கசக்கும் பெரிய இரும்பு மெஷின்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில்தான் அவருக்கு வாழ்நாள் முழுதும் வேலை. அந்தக் கூடத்துக்குள் நான் பிற்பாடு ஒருமுறை போயிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. காதுக்கு மூடி மாட்டிக்கொள்ளும் வழக்கமெல்லாம் வருவதற்கு முந்திய காலத்து ஆள் மாமா. நான் மருமகளாக வந்தபோதே அவருக்குக் காது பெரும்பாலும் போய்விட்டிருந்தது. இடது காதோரம் போய் நிதானமாகப் பேசினால் மட்டும் புரியும்.

நான் சுங்கை சிப்புட்டுக்காரி. நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர். எங்கள் வீட்டில் விடிந்தால் ரேடியோ, பொழுது சாய்ந்தால் டிவி, இடையில் எங்கள் மூன்று பேர் வாய். அங்கிருந்து கல்யாணம் ஆகி இந்தக் குளிருக்கும் பனிக்கும் வந்தபோது எனக்கு முதலில் உறைத்தது குளிர் இல்லை, அமைதி. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டுக்காரருக்குக் காய்கறி லோரி ஓட்டும் வேலை. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் கிளம்பினால் கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டு மறுநாள் காலையில்தான் திரும்புவார். வந்ததும் படுத்துவிடுவார். ஆக, வீட்டில் விழித்திருந்தது மாமாவும் நானும்தான். புதிதாக வந்த மருமகளும் மாமனாரும் என்ன பேசிக்கொள்வார்கள்? சாப்பிடக் கூப்பிடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். அதையும் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது லைன் முழுக்கத் தெரிந்துவிடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே சமைப்பேன், துணி மடிப்பேன்.

அப்படி ஒருநாள் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா எதிரே உட்கார்ந்து பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். என் உதடு அசைவதைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னம்மா கேக்குற?"

பாட்டு என்று சைகை காட்டினேன்.

"பாட்டுன்னு தெரியுது. என்ன பாட்டு?"

நான் முதல் வரியைக் கத்திச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்து, இடது காதைத் தொட்டுக் காட்டினார். "கத்தாதம்மா. கத்தினா சத்தம்தான் வருது, பேச்சு வரல. கிட்ட வந்து மெதுவா சொல்லு." நான் எழுந்து போய்க் காதோரம் சொன்னேன். புரிந்துகொண்டு தலையாட்டினார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "ஏன் அந்தப் பாட்டு?" என்றார்.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என்ன பாட்டு என்று கேட்பார்கள், யார் பாடியது, எந்தப் படம் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டதில்லை. சும்மாதான் என்று கையை விரித்தேன். அவர் வற்புறுத்தவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. மறுநாள் நானாகவே அவர் காதோரம் போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் வீடு கழுவும்போது அந்தப் பாட்டைத்தான் போடுவோம். கடைசித் தங்கை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுவாள். அம்மா திட்டுவார். அந்தப் பாட்டைக் கேட்டால் இந்தச் சமையலறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிற மாதிரி இருக்கிறது.

சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்று. மாமா என் கழுத்தில் தொங்கிய ஒயரைக் காட்டினார். "அப்ப அந்த ஒயரக் கழட்டிட்டு வெளிய சத்தமா போடும்மா. எனக்குத் தொந்தரவு ஒன்னும் இல்ல" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. தனியாக நின்று சிரித்தேன்.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலை வேலை முடிந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மேசைக்கு வருவார். கையை விரித்து வைப்பார். நான் போனை வைப்பேன். என்ன பாட்டு, ஏன் என்று சொல்ல வேண்டும். மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குப் பிடித்திருந்த பாட்டுகளெல்லாம் பிறந்த பிறகு அலுத்துப்போனதைச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர்மேல் கோபம் என்றால் அதைக்கூடப் பாட்டின் பெயரால் சொல்லிவிடலாம். "இன்னைக்கு என்ன, சோகப் பாட்டா? அவன் என்ன சொன்னான்?" என்று கேட்பார். வெளியே அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். மாமனாரிடம் பேசக்கூடாத எத்தனையோ விஷயத்தை நான் இப்படித்தான் அவரிடம் பேசியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மட்டும் தன் பாட்டைச் சொல்வதில்லை. "எனக்கு ஏது பாட்டு? அதெல்லாம் மெஷின் தின்னுருச்சு" என்பார்.

வருஷங்கள் ஓடின. மகள் தமிழ்ப் பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். நான் தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மலையைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் எடுத்து வைக்கும் வேலை. மாமாவின் இடது காதும் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே வந்தது. அந்தச் சமயத்தில்தான் அது தொடங்கியது.

ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் மாமாவைக் காணவில்லை. கதவு திறந்திருந்தது. வெளியே எதிர் லைன்கூடத் தெரியாத பனி. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் டார்ச் விளக்கோடு தேடிப் போனோம். கீழே மாரியம்மன் கோயில் வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், பனியனோடு நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "ஸ்பீக்கர் போட்டிருக்காங்க, ஆளையே காணோமே" என்றார். கோயிலில் சத்தம் ஏதும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் என் சால்வையை எடுத்து மாமாவுக்குப் போர்த்திக் கூட்டிவந்தேன்.

இன்னொரு நாள் மாமா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ரேடியோவே போடவில்லை. சொன்னதும் மாமாவின் முகம் செத்துப்போய்விட்டதாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். லைனில் பேச்சு எழுந்தது. கிள்ளானில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்து, இது காற்று கருப்பு வேலை, செத்தவர்கள் யாரோ கூப்பிடுகிறார்கள், நல்ல பூசாரியாகப் பார்த்துக் கூட்டிவர வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர், வயசாகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர். பேசாததற்குள் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

எனக்கு இதையெல்லாம்விட வேறொன்றுதான் வலித்தது. மாமா மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவர் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பாட்டு, ஏன் என்று கேட்க ஆளில்லாமல் பாட்டு கேட்பது எனக்கே என்னவோபோல் இருந்தது.

ஒரு மத்தியானம் நல்ல மழை. வீட்டுக்காரர் லோரிக்குப் போய்விட்டார், மகள் பள்ளியிலிருந்து வரவில்லை. நான் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதும் அவர் என்னைக் கேட்பதை அன்றைக்கு நான் அவரிடம் கேட்டேன். காதோரம் குனிந்து, மெதுவாக.

"இன்னைக்கு என்ன பாட்டு, மாமா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்தேன்.

"யாருகிட்டயும் சொல்லிராத. விடிய விடிய ஓடுதும்மா. நிறுத்த முடியல. ரெண்டே வரிதான். திரும்பத் திரும்ப." சொல்லிவிட்டு, அந்த இரண்டு வரியைப் பாடினார். மாமா பாடி நான் கேட்டதே இல்லை. அவருடைய குரல் அவருக்கே கேட்காததால் கரடுமுரடாகத்தான் வந்தது. ஆனால் ராகம் கொஞ்சமும் பிசகவில்லை. ரொம்பப் பழைய சினிமாப் பாட்டு. நான் கேள்விப்பட்டதில்லை.

பழக்க தோஷம்தான், என் வாய் தானாகக் கேட்டது. "ஏன் அந்தப் பாட்டு?"

மாமா தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலை. நல்ல பாட்டுக்காரர், குழாயடியில் குளிக்கும்போது அவர் பாடினால் தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் அவசரப்படமாட்டார்களாம். அப்புறம் எப்போதோ தனக்குத்தானே பேச ஆரம்பித்திருக்கிறார். மழையில் தேயிலைக்குள் இறங்கிப் போய்விடுவாராம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாராம். கடைசியில் தோட்டத்து லோரியில் ஏற்றித் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்ப் பெயரை எங்கள் பக்கத்தில் வேறு எதற்கும் சொல்வதில்லை. மனநல ஆஸ்பத்திரி என்றால் அதுதான். கல்யாணமாகாத இளைஞனான மாமாதான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு லோரியில் கூடவே போனவர். மலை இறங்கும் வழி முழுக்க, தாப்பா வரைக்கும், அண்ணன் அந்த இரண்டு வரியைப் பாடிக்கொண்டே வந்தாராம். போனவர் திரும்பவில்லை. பல வருஷம் கழித்து இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வீட்டில் அதன்பிறகு அவர் பெயரையே யாரும் எடுத்ததில்லை.

"அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சும்மா. என்னையும் அங்கதான் கொண்டுபோய் விடுவீங்க."

அவர் அழவில்லை. தீர்ப்பைக் கேட்டுவிட்ட மனிதர்போல் உட்கார்ந்திருந்தார். மாமனாரின் கையை மருமகள் பிடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்றைக்குப் பிடித்தேன். நீங்கள் எங்கேயும் போகப் போவதில்லை, நான் இருக்கிற வீட்டில்தான் இருப்பீர்கள் என்று அவர் காதில் சொன்னேன். கேட்டதோ இல்லையோ, கையை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லத்தான் வேண்டும் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

மறுநாள் காலையில் லோரி வந்து நின்றதும் நான் வெளியே போய், அவர் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். லோரிப் படியில் உட்கார்ந்து கேட்டார்.

"எனக்கு ஒரு பெரியப்பா இருந்தாரா?" என்றார். எழுந்து வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, "டாக்டர்கிட்ட போலாம்" என்றார். நாத்தனார் போனில் பூசாரியைப் பற்றிப் பேசியபோது, அதுவும் செய்வோம், ஆனால் முதலில் காது டாக்டர் என்று வீட்டுக்காரர் அழுத்தமாகச் சொன்னார். அவர் தன் அக்காவிடம் அப்படிப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டினோம், அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். காது டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். அவர் மலாயில் சொல்வதை நான் மாமாவின் காதோரம் தமிழில் சொன்னேன். மாமா குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். யாராவது பேசுவதுபோல் கேட்கிறதா, இதைச் செய் அதைச் செய் என்று யாராவது சொல்கிறார்களா என்று டாக்டர் விசாரித்தார். இல்லை, பாட்டு மட்டும்தான் என்றார் மாமா. அது எந்தப் பாட்டு, கொஞ்சம் பாடிக் காட்ட முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாடினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

பிறகு அவர் சொன்னதை நான் இப்படித்தான் மாமாவுக்குச் சொன்னேன்: "இது பைத்தியம் இல்ல மாமா. காது போனவங்க நிறையப் பேருக்கு இப்படி ஆகுமாம். காது சரக்கு அனுப்புறத நிறுத்திருச்சு. மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியல. பழைய ஸ்டோர்ல இருக்கறத எடுத்து ஓட்டுது."

"இன்னொரு தடவ சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. மூச்சை விட்டார். எங்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் மூச்சை விட்டதும் எனக்குக் கேட்டது. பிறகு மாமா ஒன்று கேட்கச் சொன்னார்: என் அண்ணனுக்கும் இதுதானா இருந்தது? டாக்டர் மாமாவின் பக்கம் திரும்பினார். தான் பார்க்காத ஒருவரைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வேறு என்றுதான் நினைப்பதாகச் சொன்னார். மாமா தலையாட்டிக்கொண்டார். மலையேறி வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காதுக்கு மெஷின் வந்தது. வெளியே இருந்து சத்தம் வந்தால் உள்ளே ஓடுவது தணியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சுக்கு அது நன்றாகவே உதவியது. பேத்தி கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், மழை தகரத்தில் விழுவதைக் கேட்டு, "இவ்வளவு சத்தமாவா பெய்யும்?" என்று ஆச்சரியப்பட்டார். அண்ணன் பாடிய அந்தப் பாட்டை நான் போனில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆசையாகப் போட்டுக் காட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். அந்த மெஷினுக்குப் பேச்சு தெரிகிறது, பாட்டு தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார். "விடும்மா. உள்ள ஓடுறது இதவிட நல்லா இருக்கு."

பயம் போனபிறகு உள்ளே ஓடிய பாட்டும் மாறத் தொடங்கியது. எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியாது; நடந்ததைச் சொல்கிறேன். அந்த இரண்டு வரி போய், வேறு வேறு பாட்டுகள் வந்தன. காலைத் தேத்தண்ணீர் முடிந்ததும் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். "என் ரேடியோவக் கேட்டுட்டு வர்றேன்" என்பார். பிறகு மெஷினை மாட்டிக்கொண்டு மேசைக்கு வருவார். நான் கேட்பேன், அவர் சொல்வார். தமிழ்ப் பள்ளியில் காலையில் நின்று பாடிய வாழ்த்து. மாமியாரைப் பெண் பார்த்துவிட்டு வந்த பஸ்ஸில் ஓடிய மலாய்ப் பாட்டு. தீமிதிக்கு உடுக்கை அடித்த சத்தம். ஒரு வாரத்துக்கு ரேடியோவில் எப்போதோ வந்த தலை எண்ணெய் விளம்பரம் ஓடியது. அதற்கு ஏன் என்று கேட்டபோது மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அத நான் ஒரு தடவகூட வாங்கினதில்ல" என்றார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் சந்தையில் காய்கறி வாங்கப் போயிருந்தோம். மாமாவுக்கு அன்று காலையிலிருந்து என்னவென்றே தெரியாத ஒரு பாட்டு. வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும் பிடிபட்டது. முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஒரு கடைக்குப் பின்னால் கூடை அடுக்கிக்கொண்டிருந்த நேபாளத் தொழிலாளி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். தன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, இதை எங்கே கற்றீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் மாமாவுக்கு நினைவு வந்தது. காது கொஞ்சம் மிச்சமிருந்த நாளில் மெஷின் கூடத்தில் அவரோடு வேலை செய்த நேபாளப் பையன் ஒருவன், மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்யும் நேரங்களில் இதைப் பாடுவானாம். அது தங்கள் ஊரில் வயலில் நாற்று நடும்போது பாடுவது என்றார் அந்தத் தொழிலாளி. மாமா விட்ட இடத்திலிருந்து எடுத்து அந்த மனிதரே மீதியைப் பாடினார். காது மெஷின் வழியாக அது எப்படிக் கேட்டதோ தெரியாது. மாமா அவர் வாயையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது அந்த மனிதர் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி எடுத்து வந்து மகள் கையில் திணித்தார்.

அதற்கு அடுத்த பள்ளி விடுமுறையில் மாமாவே கேட்டார். "ஒரு தடவ அந்தப் பக்கம் போய்ட்டு வரலாமா?" எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஒருநாள் லோரிக்கு லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தார். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி தஞ்சோங் ரம்புத்தான் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போக வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். வாசலுக்கு எதிரே மர நிழலில் இறங்கி நின்றார். லோரியில் வந்து அண்ணன் கையை விட்ட இடம் அதுதானா என்று அவருக்கே நிச்சயமில்லை. அப்போது இருந்த எதுவும் இப்போது இல்லை என்றார். காது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் பக்கத்தில் நின்றோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அந்த இரண்டு வரி மறுபடி வந்து பிடித்துக்கொள்ளுமோ என்று. கண்ணைத் திறந்ததும், என்ன ஓடுகிறது என்று சைகையில் கேட்டேன்.

"ஒன்னும் ஓடல. சும்மா இருக்கு." மெஷினை வாங்கி மாட்டிக்கொண்டார். "பசிக்குதுலா. சாப்பிடுவோம்."

அந்த ஊர்ச் சோற்றுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, எங்கள் அண்ணனுக்கு மீன் தலை என்றால் உயிர் என்று ஆரம்பித்தார். பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்தப் பெயரை முதல் தடவையாகக் கேட்டார். கேரம் ஆட்டத்தில் அண்ணன் செய்யும் கள்ளத்தனம், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டு நாயோடு அவருக்கு இருந்த சண்டை, தம்பிக்கு முதல் நீளக் காற்சட்டையை ரிங்லெட்டில் தைத்துக் கொடுத்தது, எல்லாம் வந்தது. பேசாத என் வீட்டுக்காரர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பா உயரமா, என் மாதிரி இருப்பாரா என்றெல்லாம் கேட்டார். "உன் மாதிரி உம்முனு இருக்க மாட்டாரு" என்றார் மாமா. எங்களுக்குப் பின்னால் மேசைக்கு ஆள் காத்திருந்தும் கடைக்காரர் எங்களை எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு மாமா சில வருஷம் நன்றாகவே இருந்தார். ஒரு மழைக்கால மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று காலையிலும் நான் கேட்டேன், அவரும் சொன்னார். ஏதோ கல்யாண மேளம் என்றார். யாருடைய கல்யாணம் என்று தெரியவில்லை, ஆனால் சாப்பாடு நன்றாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

மகள் இப்போது பினாங்கில் படிக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான் என்று பார்ப்பவர்கள் பரிதாபப்படுகிறார்கள். நான் புதிதாக வந்த அந்த வருஷம் இருந்த அமைதியும் இப்போது இருக்கும் அமைதியும் ஒன்றில்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் முன்பெல்லாம் வழியில் போன் செய்தால் சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, இரண்டு கேள்வியோடு வைத்துவிடுவார். நேற்று தாப்பா இறக்கத்தில் இறங்குவதற்கு முன்னால், ரிங்லெட்டில் தேத்தண்ணீருக்கு நிறுத்திய லோரிக்குள்ளிருந்தே அழைத்தார். இங்கே கொட்டுகிறது என்றார். பிறகு, லோரியில் என்ன பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவராகவே சொன்னார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாட்டு.

"ஏன் அந்தப் பாட்டு?" என்று கேட்டேன்.

"வைப்பர் இந்தத் தாளத்துலதான் ஆடுது. வேற எது போட்டாலும் ஒத்து வரலலா" என்றார். போனை வைக்காமல் கண்ணாடிப் பக்கம் பிடித்துக் காட்டினார். மழைச் சத்தத்துக்கு நடுவே பாட்டும், வைப்பர் போய் வருவதும் எனக்குக் கேட்டது. ஒத்துத்தான் வந்தது.